வெள்ளிக்கிழமை கொடுத்த ஊசி

வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துல, யாரு வந்து கேட்டாலும் எங்க கொருக்கைமங்கலத்துல உப்பையும் ஊசியையும் எடுத்துக் கையில கொடுக்க மாட்டாங்க, உப்பைக் கொடுத்தா வீட்டு லட்சுமி போயிடுவா, ஊசியைக் கொடுத்தா உறவு அறுந்துடும்னு பயம், அதனால அன்னிக்கு அமலோற்பவம் அக்கா ஒவ்வொரு தையல்கடையா ஏறி இறங்கி ஒரே ஒரு மெஷின் ஊசி கொடுங்கன்னு கேட்டப்ப, நாளைக்கு வாங்கன்னு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, கடைசியா என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

நான் தையல்நாயகி. வீட்டுலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவ. எனக்கு அறுந்து போறதுக்கு உறவுன்னு ஒண்ணும் மிச்சம் இல்லை, ரெண்டு வருஷம் முன்னாடி வேற தெருப் பையன் மதியழகனை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கிட்டப்பவே எல்லாம் ஒட்டுமொத்தமா அறுந்து போச்சு. "தாராளமா எடுத்துக்கங்க அக்கா, இனிமே அறுக்க என்னா இருக்கு"ன்னு ஊசி டப்பாவையே நீட்டினேன். அக்கா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டு, "நல்லா இருப்படி"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எல்லாரும் சொல்றதுதானேன்னு நானும் கதவைச் சாத்திட்டேன்.

அமலோற்பவம் அக்கா யாருன்னா, கடைத்தெருப் பாத்திரக்கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டுறவங்க. கல்யாணமோ காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, கொடுக்கிற பாத்திரத்துல கொடுத்தவங்க பேர் இருக்கணும் எங்க ஊருக்கு, பேர் இல்லாம அண்டாவே கொடுத்தாலும் அதுக்கு மரியாதை கிடையாது. அந்தக் கடை என் அண்ணன் சிவபுண்ணியத்தோடது. ஆமாங்க, கூடப்பொறந்த அண்ணன்தான். கடை கொள்ளாம குடமும் தவலையும் அடுக்கி வெச்சிருக்கிற மனுஷன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலை, நான் அந்தப் பக்கமா போனா கையில கெடைச்ச சொம்பை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சுடுவாரு. எத்தனை நாளைக்குத்தான் ஒரே சொம்பைத் துடைப்பாரோ தெரியலை.

அக்காவோட மெஷின்ல ஊசி முனை முறிஞ்சு போச்சு, புது முனை தஞ்சாவூர்லேருந்து வரணும், மறுநாள் விடிஞ்சா ஒரு கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பாளம் வெட்டிக் கொடுத்தாகணும், அதுக்குத்தான் என் ஊசி. அதை மாட்டித் தட்டினதும், புள்ளி புள்ளியா விழ வேண்டிய எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிசா விழுந்துச்சு. நேராப் பார்த்தா வெறும் தாம்பாளம். கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா மயில் கழுத்து மாதிரி மினுங்கி, பெரியப்பா கோவிந்தசாமி அன்பளிப்புன்னு பேர் எழும்பி நிக்கும்.

மறுநாள் காலையில அந்தப் புது வீட்டு ஜன்னல் வழியா வெயில் வந்து தாம்பாளத்து மேல விழுந்துச்சு. பாத்திரத்துல வெயில் விழுந்தா என்னா செய்யும், கூரையில ஒரு வட்டமா போய் ஆடும், அவ்வளவுதானே. இந்த வெயில் கூரைக்குப் போகலை. தாம்பாளத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துச்சு, எந்திரிச்சுச்சு, வந்த ஜன்னல் வழியாவே வெளியில போயி, தெருவோட நடந்து, ரேஷன் கடை முக்குல திரும்பி, வாய்க்கால் மதகைத் தாண்டி, முட்டிவலின்னு விசேஷத்துக்கு வராம வீட்டுல படுத்திருந்த கோவிந்தசாமிப் பெரியப்பாவோட முட்டி மேல போய் உட்கார்ந்துக்கிச்சு. "யாரது"ன்னு கேட்டாரு பெரியப்பா. இதமா இருக்கேன்னு இன்னொரு காலையும் நீட்டிக்கிட்டாரு.

எங்க ஊர்க்காரங்க இதுக்கெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற ஆளுங்க இல்லை, எங்க வீட்டுக் குடத்துக்கு எப்ப வெட்டுவீங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க. பரண்ல கெடந்த பழைய பாத்திரத்தை எல்லாம் இறக்கிப் புளி போட்டு விளக்கி எடுத்துக்கிட்டு வந்து வரிசையில நின்னாங்க, ஒரே மாசத்துல எங்க தெருவெல்லாம் காலையில எட்டு மணிக்கு வெளிச்சம் போறதும் வர்றதுமா, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி நெரிசலாப் போச்சு, சைக்கிள்ல போறவங்க முக்குல மணி அடிச்சாங்க, நடந்து போறவங்க "இருங்க, யாருக்கோ போவுது, போகட்டும்"னு ஒதுங்கி நின்னாங்க. பொம்பளைங்க நேரம் பார்த்து வெச்சுக்கிட்டு, யாரோட அத்தைக்கோ போற வெளிச்சத்தோட வழியில வடாம் புழிஞ்ச துணியை விரிச்சாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற மாமன்களுக்குப் போன வெளிச்சம் கோடியக்கரைப் பக்கமா கடல்ல இறங்கிப் போச்சு, அங்கேருந்து போன் வந்துச்சு, ரெண்டு மணிக்கு லிஃப்ட்டுக்குள்ள என் மேல மட்டும் வெயில் அடிச்சுச்சு அக்கா, ஊர்ல யாரு என்னை நெனச்சீங்கன்னு. செத்துப்போனவங்களுக்கு உரிய வெளிச்சம் சுடுகாட்டுக்குப் போச்சு, அங்க கோடையிலயும் புல்லு காயலை, ஆட்டுக்காரங்களுக்குக் கொண்டாட்டம்.

சங்கடமும் இல்லாம இல்லை. என் பக்கத்து வீட்டு லோகாம்பாள் சித்தி, தன் அம்மா வீட்டுல கொடுத்த குடத்தையே பேரைச் சுரண்டிட்டுத் தன் பேரை வெட்டி நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்திருந்தாங்க, அந்தக் குடத்து வெளிச்சம் சித்தி வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காம நேரா பஸ் ரோட்டைப் பிடிச்சு அவங்க அம்மா ஊருக்குப் போச்சு, நாத்தனார் தெருவுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். எங்க வார்டு மெம்பர் இன்னும் ஒரு படி மேல. தேர்தலப்ப வீட்டுக்கு ஒரு டிபன் டப்பா கொடுத்தவர், எல்லாத்துலயும் தன் பேரை வெட்டச் சொல்லிட்டு, கண்ணு கூசும்னு முன்கூட்டியே கருப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்தாரு. டப்பா வெளிச்சம் எல்லாம் அவர் வாசல் வரைக்கும் வந்து, அவரை ஒரு தடவை பார்த்துட்டு, திரும்பிப் போயி அந்தந்த வீட்டுக்காரங்க தலையிலயே விழுந்துச்சு. ஊர்ப் பணத்துல வாங்கின டப்பா ஊருக்குத்தானே சொந்தம். அப்பதான் எல்லாருக்கும் வெளங்குச்சு, பேர் வெறும் வழி சொல்றதுக்குத்தான், நெசமாவே கொடுத்தவங்களா இருந்தாத்தான் வெளிச்சம் போய்ச் சேரும்.

காலேஜ்லேருந்து ரெண்டு புரொஃபசர்ங்க பூதக்கண்ணாடியோட வந்து மூணு நாள் தங்கினாங்க. வெளிச்சத்துக்குச் சொந்தமா புத்தி கெடையாது, எந்தத் தளத்துல விழுதோ அந்தத் தளம் சொல்றபடிதான் திரும்பும், வளையும், நிறம் நிறமாப் பிரியும், இங்க புள்ளி ரொம்பப் பொடிசா நெருங்கி இருக்கிறதால இப்படி ஆகுது, நெருக்கத்தைக் கூட்டினா நீலம், குறைச்சா சிவப்புன்னு விளக்கிச் சொன்னாங்க. "அது எங்களுக்கும் தெரியும் சார், பொண்ணு வீட்டுக்காரங்க சிவப்பாத்தான் கேப்பாங்க, தள்ளித் தள்ளிக் குத்துவேன்"னாங்க அக்கா. "எல்லாம் சரிம்மா, கொடுத்தவங்க வீடு எதுன்னு வெளிச்சத்துக்கு எப்படித் தெரியுது, அதுதான் எங்களுக்குப் புரியலை"ன்னாரு ஒருத்தர். "அதான் பேர் போட்டிருக்கே சார்"னாங்க அக்கா. அவங்க அதை எழுதிக்கிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டுட்டுக் கெளம்பிப் போனாங்க.

இத்தனை கூத்துலயும் எந்த வெளிச்சமும் வராத, எந்த வெளிச்சமும் போகாத வீடு ஒண்ணு இருந்துச்சுன்னா அது என் வீடுதான். எனக்கு யாரும் ஒரு கிண்ணம் கொடுக்கலை, என்னை ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடலை, அதனால நானும் யாருக்கும் ஒண்ணும் கொடுக்கலை. நானா வாங்கின பாத்திரம், பேர் இல்லாத பாத்திரம், அதுல விழற வெயில் கூரையில போய்ச் சும்மா ஆடும். போங்கடி, உங்க வெளிச்சம் யாருக்கு வேணும்னு நானும் ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் மெஷினை மிதிச்சேன்.

அப்பதான், என் வயித்துப் புள்ளைக்கு ஒம்பதாம் மாசம் நடக்கிறப்ப, புயல் வந்துச்சு. தென்னை எல்லாம் தலைகுப்புற விழுந்து, கரண்ட் கம்பம் ஒண்ணுகூட நிக்காம, ஆத்துப்பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. என் வீட்டுக்காரர் மதியழகன் கம்பம் நடுற வேலைக்குப் போறவர், புயலுக்கு முந்தின நாளே கடலோர ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, பாலம் போனதும் அந்தக் கரையிலயே மாட்டிக்கிட்டாரு. மறுநாள் எங்க ஊரு ஆஸ்பத்திரியில எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. நாள் முந்திப் பொறந்த புள்ளை, ஒரு கைப்பிடிதான் இருக்கும். மூணாம் நாள் காலையில வேதவல்லி சிஸ்டர் புள்ளையோட மூக்கு நுனியை விரலால அமுக்கிப் பார்த்தாங்க, அமுக்கின இடம் மஞ்சளா இருந்துச்சு, உள்ளங்காலைப் பார்த்தாங்க, அதுவும் மஞ்சள்.

"நீல லைட்டுல போடணும் தையலு. மெஷின் அந்தா இருக்கு, கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் நேத்தே தீர்ந்து போச்சு. ஆம்புலன்ஸ் வர இன்னும் ரெண்டு நாளாவது ஆவும்."

"அதுவரைக்கும் தாங்கும்ல சிஸ்டர்?"

சிஸ்டர் புள்ளையைச் சுத்தியிருந்த துணியைச் சரி பண்ணினாங்க. விட்டா மூளைக்கு ஏறிடும்னு அப்புறம் மெதுவாச் சொன்னாங்க.

"வெயில்ல காட்டலாமா?"

"வெயில் எங்கடி இருக்கு, மூட்டமா கெடக்கு. இருந்தாலும் இந்தப் பிஞ்சு ஒடம்பைச் சுட்டுடும். அதுல இருக்கிற நீலம் மட்டும்தான் வேணும்."

கஞ்சி கொண்டாந்த லோகாம்பாள் சித்தி இதைக் கேட்டாங்க, கேட்டதும் தூக்கை அப்படியே வெச்சுட்டு மழையில ஓடினாங்க. அரை மணியில சித்தி கூடவே அமலோற்பவம் அக்கா வந்து சேர்ந்தாங்க, கையில சின்னச் சுத்தியும், வர்ற வழியில என் வீட்டுலேருந்து எடுத்த ஊசி டப்பாவும். கரண்ட் இல்லேன்னா என்னா, மெஷின் வர்றதுக்கு முன்னாடி கையாலதானே தட்டினோம்னு தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க.

"புள்ளை பேரைச் சொல்லு."

"பதினாறாம் நாள்தானே அக்கா பேர் வைப்பாங்க?"

"பதினாறாம் நாளுக்குப் புள்ளை வேணுமா வேணாமா? சின்னப் பேராச் சொல்லு, தட்டணும்."

"அல்லி"ன்னேன். அந்த நிமிஷம் வாயில வந்துச்சு.

அக்கா தான் தண்ணி குடிக்கிற டம்ளர்லயே, புள்ளி மேல புள்ளி இடிக்கிற மாதிரி நெருக்கி நெருக்கித் தட்டி, அல்லின்னு வெட்டி ஜன்னல்ல வெச்சாங்க. மூட்டத்துலயும் ஒரு சாம்பல் வெளிச்சம் இருந்துச்சுல்ல, அது வந்து டம்ளர்ல நீலமா உட்கார்ந்துச்சு. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். எந்திரிக்கவே இல்லை. நாங்க மூணு பேரும் மூச்சை விடாம பார்த்துக்கிட்டே இருந்தோம்.

"கொடுத்தவங்களுக்குத்தானே போகும்"னாங்க அக்கா. "மூணு நாள் புள்ளை. யாருக்கு என்னா கொடுத்திருக்கும்?"

நான் அழுதேன். வெட்கம் என்னா, ஓன்னு அழுதேன். புள்ளை என் நெஞ்சு மேல கெடந்துச்சு, நான் குலுங்கக் குலுங்க அதுவும் குலுங்குச்சு. அக்கா அதையே பார்த்துக்கிட்டு இருந்தவங்க திடீர்னு நிமிர்ந்தாங்க.

"அடியே, புள்ளைக்குப் போகலேன்னா புள்ளை கெடக்கிற எடத்துக்கு வரட்டுமே. உன் பேரை வெட்டுறேன்."

"நான் யாருக்கு அக்கா என்னா கொடுத்தேன்? என்னை யாரு வாசப்படி ஏத்தினா?"

அக்கா தன் சாப்பாட்டு டப்பா மூடியைக் கவிழ்த்துப் போட்டு, தையல்நாயகின்னு தட்டி முடிச்சு, ஜன்னல்ல வெச்சுக் கையை எடுத்தாங்க. எடுத்த கையோட வெளிச்சம் எந்திரிச்சு, நீலமா, நேரா என் நெஞ்சு மேல வந்து விழுந்துச்சு, புள்ளை முதுகு நீலமாச்சு. அக்கா டப்பாவுலேருந்து ஒரு ஊசியை எடுத்துக் காட்டினாங்க. "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். மறந்துட்டியா?"

சிஸ்டர் ஓடிவந்து புள்ளை கண்ணை மட்டும் வெள்ளைத் துணியால கட்டிட்டு, சட்டையைக் கழட்டிப் புள்ளையை என் மேலயே கவிழ்த்துப் போட்டாங்க. இது போதாது, இது ஒரு உள்ளங்கை அளவுதான், புள்ளை முழுக்க நனையணும்னாங்க. அதுக்குள்ள சித்தி தூக்கைக் கவிழ்த்து நீட்டினாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, உங்களுக்கு நான் என்னா சித்தி கொடுத்தேன்னு கேட்டேன். வருஷா வருஷம் ஜூன் மாசம் என் பொண்ணோட ஸ்கூல் பாவாடைக்கு மடிப்புப் பிரிச்சு இறக்கிக் கொடுக்கிறது யாருடின்னாங்க. அது ஒரு வேலையான்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அக்கா அதுலயும் என் பேரைத் தட்டி ஜன்னல்ல வெச்சாங்க, தூக்கு வெளிச்சம் வந்து புள்ளை கால்ல விழுந்துச்சு.

அப்புறம் ஊர் வந்துச்சுங்க. என்னைக் கண்டா தெருவை மாத்திப் போற ஊரு, கையில ஒரு குண்டானோ வாளியோ எடுத்துக்கிட்டு, முட்டி அளவுத் தண்ணியில நடந்து வந்து ஆஸ்பத்திரி வாசல்ல வரிசை கட்டி நின்னுச்சு. போஸ்ட் ஆபீஸ் அம்மா வந்தாங்க, மகன் வேலைக்குப் போன அன்னிக்குப் பேன்ட் கிழிஞ்சு நின்னப்ப பஸ்ஸை நிறுத்திவெச்சுத் தைச்சுக் கொடுத்தேனாம். ஒரு தாத்தாவுக்கு வேட்டியில உள்பை வெச்சுக் கொடுத்தேனாம், மாத்திரை போட்டுக்க. செத்த வீட்டுக்குப் போக ஜாக்கெட் இல்லேன்னு வந்து நின்னவளுக்கு என்னோடதைக் கழட்டிக் கொடுத்தேனாம். எல்லாத்தையும் திட்டிக்கிட்டேதான் செஞ்சிருக்கேன், இதுக்கெல்லாம் நான்தான் கெடைச்சேனான்னு கத்தியிருக்கேன், அதனால நானே மறந்துட்டேன், அவங்க யாரும் மறக்கலை. அக்கா தட்டத் தட்ட ஒவ்வொண்ணுலேருந்தும் வெளிச்சம் எந்திரிச்சு வந்துச்சு. வார்டு மெம்பரும் ஒரு வாளி கொண்டு வந்தாரு, அதுலேருந்து வரலை. "உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லைங்க, போயிட்டு வாங்க, வந்ததுக்குச் சந்தோசம்"னேன். அவரு போகலை, ஊசி எடுத்துக் கொடுத்துக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துக்கிட்டாரு.

மறுநாள் மேகம் இன்னும் இறுகிப் போச்சு. பாத்திரம் அம்பது இருந்தும் வெளிச்சம் மங்கலாத்தான் வந்துச்சு, புள்ளை பால் குடிக்க வாயைத் திறக்கலை, சிஸ்டர் என் கண்ணைப் பார்க்கிறதை விட்டுட்டாங்க. பெரிய பாத்திரம் வேணும், அகலமா, நிறைய வேணும்னாங்க அக்கா. ஊர்ல அது எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

பத்து மணி இருக்கும். மூணு சக்கர வண்டியில கல்யாண அண்டாவை ஏத்திக்கிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு என் அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு. உள்ளே வரலை. அக்கா சுத்தியை எடுத்துக்கிட்டுப் போயி, "வெட்டவா தம்பி?"ன்னு கேட்டாங்க. அண்ணன் அண்டாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே ஒழிய வெட்டுங்கன்னு சொல்லலை.

"வெளிச்சம் வராதுன்னா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க அக்கா, அவருக்குச் சொம்பு துடைக்கிற வேலை இருக்கும்!"னு உள்ளேருந்து நான் கத்தினேன்.

"வரும்"னாரு அண்ணன். ஊரே நின்னு கேக்குது, அவரு தரையைப் பார்த்துக்கிட்டு, "பத்தாவது பரீட்சைக்கு நான் போகலை, சினிமாவுக்குப் போயிட்டேன். அப்பா கேட்டப்ப, அண்ணன் ஹால்டிக்கெட்டை நான்தான் கிழிச்சு அடுப்புல போட்டேன்னு தங்கச்சி சொல்லிச்சு. அப்பா பெல்ட்டைக் கழட்டினாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். அதுக்கு எட்டு வயசு. இன்னி வரைக்கும் அது யாருகிட்டயும் சொல்லலை. வரும், வெட்டுங்க அக்கா"ன்னாரு.

அண்டா வெளிச்சம் வந்தப்ப சுவரு, கட்டில், என் முடி, சிஸ்டரோட வெள்ளைக் கோட்டு எல்லாம் நீலமாச்சு, சாயத்தொட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அண்ணன் நின்னு பார்க்கலை, திரும்பி ஓடினாரு, கடையில இருந்த தவலை, தாம்பாளம், குடம், இட்லிக்கொப்பரை எல்லாத்தையும் நடை நடையா ஏத்திக்கிட்டு வந்து இறக்கினாரு, எல்லாத்துலயும் என் பேர், என் கல்யாணத்துக்கு ஒரு ஸ்பூன் கூட வராத கடையோட பாத்திரத்துல என் பேர். அக்கா விரல் வீங்கிப் போயி, அப்புறம் அக்கா பிடிக்க வார்டு மெம்பர் தட்டினாரு. மூணு மணிக்குப் புள்ளை வீல்னு அழுதுச்சு. பசி அழுகை. சாயந்திரம் சிஸ்டர் மூக்கு நுனியை அமுக்கினாங்க, விரலை எடுத்தாங்க, மறுபடியும் அமுக்கினாங்க, வெளுப்பா இருந்துச்சு, மஞ்சள் இறங்கிப் போச்சு. சிஸ்டர் ஸ்டூல்ல உட்கார்ந்து முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க.

ஆம்புலன்ஸ் மறுநாள் வந்துச்சு, அதுல ஏறித்தான் என் வீட்டுக்காரரும் வந்தாரு, டாக்டர் பார்த்துட்டுப் பயம் இல்லைன்னாரு. எனக்கு வாய் திறந்து நன்றி சொல்லிப் பழக்கமே இல்லைங்க, திட்டித்தான் பழக்கம். ஆனா அன்னிக்கு வாசல்ல நின்னு ஒவ்வொரு பாத்திரத்தையும் அவங்கவங்க கையில கொடுத்தப்ப, ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னேன். உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்னு சொன்னேன். பதினாறாம் நாள் அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டாந்து, கட்டிலண்ட குனிஞ்சு அல்லி அல்லின்னு மூணு தடவை புள்ளை காதுல சொன்னாரு. சீர்த்தட்டுல அவரு பேர் இருந்துச்சு, மறுநாள் காலையில என் வீட்டுலேருந்து முதல் தடவையா ஒரு வெளிச்சம் தெருவுல இறங்கிக் கடைத்தெருவுக்குப் போச்சு. நான் ஜன்னலைத் திறந்துவெச்சு, அது முக்குல திரும்பும் வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அந்த டம்ளரை அக்கா தூக்கிப் போடலை. அல்லிங்கிற பேரோட, எந்திரிக்காத வெளிச்சத்தோட, அதுலதான் தினமும் தண்ணி குடிச்சாங்க. போன வாரம் கடை வாசல்ல புள்ளையை இறக்கிவிட்டுட்டு அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். ஒம்பது மாசம் ஆவுது, தவழுறா. அக்கா ஸ்டூலண்ட போனவ, வாயில ஊறப்போட்டிருந்த பாதி ரஸ்க்கை வெளியில எடுத்துப் பார்த்தா, மறுபடியும் வாயில வெச்சா, அப்புறம் என்னா நெனச்சாளோ, எடுத்து அக்கா உள்ளங்கையில வெச்சு விரலை மூடிவிட்டா.

பக்கத்துல இருந்த டம்ளர்லேருந்து வெளிச்சம் எந்திரிச்சுச்சு. ரெண்டடி தூரம்தான், மெதுவா, நீலமா நடந்து வந்து அல்லி மூக்கு நுனியில உட்கார்ந்துச்சு. அவ மூக்கைத் தடவிப் பார்த்துட்டுச் சிரிச்சா. "அண்ணே, இங்க பாரு"ன்னேன். அமலோற்பவம் அக்கா கையைத் திறந்து, எச்சில் சொட்டுற அந்த ரஸ்க்கைப் பார்த்தாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, முழுசாத் தின்னாங்க.